சோளக்குருவிக்கு ஏன் இந்தப் பழி?

மழை ஓய்ந்து தை பிறக்கும் சமயத்தில் பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் வட்டாரத்து ஏரிப் பக்கங்களில் ஒரு விருந்தாளியைக் காணலாம். உடலில் மங்கிய ரோஜா நிறம். தலை, இறக்கை, வால் மூன்றும் கருப்பு. பார்வைக்கு மைனாவின் தங்கை போல இருக்கும். ஒன்று இரண்டாக வருவது இதன் வழக்கமல்ல; கூட்டமாகத்தான் வரும். வானத்தில் யாரோ துணியை உதறியது போல் ஒரே வீச்சில் திரும்பும். பிறகு நாணலிலோ வேலமரத்திலோ அடைந்து, இருட்டும் வரை சளசளவென்று இரையும். தமிழ்நாட்டுக் குடியானவர்கள் இதற்கு வைத்த பெயர் சோளக்குருவி. சூறைக்குருவி என்றும் சொல்வதுண்டு.

பெயரிலேயே பழி இருக்கிறது. ஒன்று சோளத்தைத் தின்கிறது என்கிறது. மற்றொன்று சூறையாடுகிறது என்கிறது. கரிசல் சீமையிலும் கொங்கு நாட்டிலும் மானாவாரிச் சோளமும் கம்பும் பயிரிடுகிறவர்கள் காரணமில்லாமல் இந்தப் பெயர்களைச் சூட்டிவிடவில்லை. பால் பிடித்த கதிரில் இந்தக் கூட்டம் ஒரு காலைப் பொழுது இறங்கினால் விதைத்தவன் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சோளம் எங்கே இருக்கிறது? இந்தப் பக்கத்துக் கழனிகளில் நெல். தோட்டக்கால்களில் கீரை, கத்தரி, வெண்டை, பூ. மேட்டு நிலத்தில் கொஞ்சம் வேர்க்கடலை. சோளமே இல்லாத ஊரில் சோளக்குருவி எதைத் தின்று பிழைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெயரைக் கேட்டவுடன் தகரத்தைத் தட்டுகிறார்கள். மேற்குப் புறநகரைப் பொறுத்த வரையில் இந்தப் பறவையின் கணக்கில் பற்று கொஞ்சம், வரவு அதிகம். அந்த வரவைக் கெடுத்துக்கொள்வது குடியானவருக்கு நல்லதல்ல.

உலகம் அறிந்த குடும்பம்

மேல்நாட்டில் ஸ்டார்லிங் என்று ஒரு பறவை உண்டு. கருப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டுகள். வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் மின்னும். மற்றப் பறவைகளின் குரலைத் திருப்பிப் பாடும். மாலையில் ஆயிரக்கணக்கில் கூடிப் பறக்கும். ஐரோப்பாவில் இதை அறியாத உழவன் இல்லை. நம் நாட்டில் காஷ்மீரில் முட்டையிடும். குளிர்காலத்தில் வட இந்தியச் சமவெளிக்கு வரும். தென்னாட்டில் காண்பது அரிது.

ஆனால் அதன் உறவினர்கள் நம் வாசலிலேயே இருக்கிறார்கள். மஞ்சள் மூக்கும் மஞ்சள் காலும் கொண்ட மைனா அதே குடும்பம். பழைய தமிழில் நாகணவாய்ப்புள் என்பது இதுதான். தலையில் கருப்புக் குடுமியை வாரிவிட்டது போல் தோன்றும் சிறிய பிராமணி மைனாவும் அதே குடும்பம். வெளியூரிலிருந்து வரும் சோளக்குருவியும் அதே குடும்பம். ஒன்று சேர்ந்து வாழ்வது, ஒன்று சேர்ந்து இரை தேடுவது, மனிதன் திருத்திய நிலத்தை விட்டு விலகாமல் இருப்பது ஆகியவை இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம்.

கூட்டம் கூடுவதிலும் காரணம் இருக்கிறது. வல்லூறு வந்தால் ஒரு கண்ணுக்குத் தப்பியது நூறு கண்ணுக்குத் தப்பாது. ஒரு வயலில் புழு மண்டிக் கிடக்கிறது என்று ஒரு பறவைக்குத் தெரிந்தால் மற்றவையும் பின்தொடர்ந்து வந்துவிடும். பூச்சி எங்கே அதிகமோ அங்கே ஆள் அதிகம் சேரும். கூலியாட்களை இவ்வளவு சரியாக வேலை இருக்கும் இடத்துக்கு அனுப்பும் மேஸ்திரி எவரும் கிடையாது.

பூச்சியைத் தேடி வரும் வழிப்போக்கர்

சோளக்குருவி முட்டையிடுவது கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலும். மே, ஜூன் மாதங்களில் அங்கே வெட்டுக்கிளிகள் பெருகும் சமயத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் அந்த வெட்டுக்கிளிகளையே. அது முடிந்ததும் தெற்கே கிளம்பிவிடும். ஜூலை, ஆகஸ்டிலேயே இந்தியாவின் வடமேற்கில் வந்து இறங்கத் தொடங்கும். திரும்பிப் போவது ஏப்ரல் வாக்கில். ஆக, வருஷத்தில் பெரும் பகுதியை இந்தியாவில்தான் கழிக்கிறது. பிறந்த வீடு வேறு. வாழும் வீடு இது.

சீனாவின் சின்ஜியாங் பகுதியில் மேய்ச்சல் நிலங்களை வெட்டுக்கிளி அழித்து வந்தபோது, இந்தப் பறவை குடியிருக்கக் கற்குவியல்களையும் கூடுகளையும் கட்டி வைத்தார்கள். மருந்தடிக்கும் செலவு குறைந்தது. 2018-ல் அங்கே நீல்கா என்னும் பகுதியில் நெடுஞ்சாலை போடும் இடத்தில் சோளக்குருவிகள் முட்டையிட்டிருப்பதைக் கண்டு, குஞ்சுகள் பறக்கும் வரை சாலை வேலையை நிறுத்தி வைத்தார்கள். நாம் தகரம் தட்டி விரட்டும் அதே பறவைக்கு அங்கே கிடைத்த மரியாதை அது.

நம்மூர் மைனாவின் பெயரிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. மொரீஷியஸ் தீவில் கரும்பைச் செவ்வெட்டுக்கிளி அழித்தபோது, 1762-ல் இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டு போய் விட்டார்கள். ஒரு நாட்டின் உயிரினத்தை வேறொரு நாட்டில் பூச்சியை அடக்கக் குடியேற்றிய முதல் முயற்சிகளில் ஒன்றாக அதை விவசாய நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. 1865-ல் ஹவாய்த் தீவுகளுக்கும் புழுக்களை ஒழிக்க மைனா போயிற்று. 1883-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரும்பு வயல்களுக்கும் போயிற்று. விஞ்ஞானிகள் மைனாவின் இனத்துக்கு வைத்த பெயரின் பொருளே வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்பதுதான்.

மறுபக்கமும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமல்ல. கொண்டு போய் விட்ட இடங்களில் எல்லாம் இந்தக் குடும்பம் நல்ல பெயர் எடுக்கவில்லை. 1890-ல் நியூயார்க் நகரின் பூங்காவில் சுமார் 60 ஸ்டார்லிங்குகளையும் அடுத்த ஆண்டு 40-ஐயும் ஓர் ஆர்வலர் பறக்கவிட்டார். அவற்றின் சந்ததி அமெரிக்கக் கண்டம் முழுவதும் பரவி, பழத் தோட்டங்களுக்கும் உள்நாட்டுப் பறவைகளுக்கும் தொல்லையாகிவிட்டது. ஹவாயில் புழுவைத் தின்னப் போன மைனா, உண்ணிச்செடியின் பழத்தையும் தின்று அதன் விதையை மலையெல்லாம் பரப்பிவிட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று தயாரித்த பட்டியலில் ஸ்டார்லிங்கும் மைனாவும் நம் கொண்டைக்குருவியும் இடம் பெற்றிருக்கின்றன.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, கெட்ட பறவை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் சொல்வது வேறு. பிற நாட்டில் கொண்டு போய் விட்டதுதான் தவறு. பறவை தன் ஊரில் இருப்பது தவறல்ல. இங்கே மைனாவுக்கு வல்லூறு உண்டு, பாம்பு உண்டு, பூனை உண்டு. கூடு வைக்கப் பொந்துக்குக் கிளியோடும் ஆந்தையோடும் போட்டி உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கும் ஏற்பாடு அது.

நஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழுத்த கொய்யாவையும் பப்பாளியையும் மைனா கொத்தும். சோளம், கம்பு பயிரிடும் மாவட்டங்களில் சோளக்குருவி உண்மையாகவே நஷ்டம் தரும். ஆனால் நெல்லில் மைனாவால் பெரிய சேதம் கிடையாது. பால் பிடித்த நெற்கதிரை நாசம் செய்வது சில்லைக் குருவியும் கிளியும். அவற்றின் குற்றத்தையும் சேர்த்து மைனாவின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

மேற்குப் புறநகரின் கணக்கு

அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. பிறகு வீடுகள் வந்தன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியாயிற்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை போட்ட பிறகு அதன் இரு பக்கமும் கழனிகள் மனைகளாகி வருகின்றன. மனைக்கல் நட்ட நிலத்தில் முதலில் போவது வரப்பு. அடுத்துப் போவது வரப்பின் மேல் நின்ற பனை.

இந்த இடத்தில்தான் குடியானவர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பத்துக் கழனி இருந்த இடத்தில் இரண்டு கழனி மிஞ்சினால், பத்துக் கழனிப் பறவையும் அந்த இரண்டில் வந்து இறங்கும். பார்ப்பவருக்குப் பறவை பெருகிவிட்டது போலத் தோன்றும். பெருகியது பறவையல்ல, குறைந்தது நிலம். மிச்சமிருக்கும் நிலத்தில் கீரை போட்டிருப்பவர் பெரும்பாலும் குத்தகைக்காரர். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் சந்தைக்குக் கட்டு அனுப்ப வேண்டியவர். அவருக்குப் பறவையின் நன்மையைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம். அவர் பாத்தியில் நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

ஆனால் அதே பாத்தியில் அந்தப் பறவை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். உழவு ஓடும்போது டிராக்டருக்குப் பின்னால் மைனா நடந்து வருவது எதற்காக? புரண்ட மண்ணில் வெளிப்படும் வெண்புழுவையும் கூட்டுப்புழுவையும் பொறுக்க. கீரைப் பாத்தியில் குதித்துக் குதித்துப் போவது எதற்காக? இலையைக் கடிக்கும் புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடிக்க. ஒரு ஜோடி மைனா நாலைந்து முட்டையிடும். குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை மூன்று வாரத்துக்கு மேல் தாயும் தகப்பனும் விடிந்தது முதல் அடையும் வரை புழுவும் பூச்சியுமாகக் கொண்டு வந்து ஊட்டும். இந்த வேலை நடப்பது சித்திரையிலிருந்து ஆவணி வரை. சொர்ணவாரிப் பட்டமும் கோடைக் கீரையும் வயலில் இருக்கும் காலம் அது.

சோளக்குருவி வருவது அதற்கு மாற்றுக் காலத்தில். மைனா குஞ்சு வளர்த்து முடித்த பிறகு, சம்பா முற்றி நவரை நடவாகும் பருவத்தில் இது வந்து சேருகிறது. இங்கே சோளம் இல்லாததால் அறுத்த கழனியில் பூச்சி பொறுக்குகிறது. ஆல், அரசு, அத்திப் பழம் தின்கிறது. இலவம், கல்யாண முருங்கை பூத்தால் தேன் குடிக்கிறது. ஒரு மரத்துப் பூவிலிருந்து மறு மரத்துப் பூவுக்கு மகரந்தம் இதன் தலையில் ஏறிப் போகிறது. ஒருவர் போனதும் மற்றவர் வரும் முறைக்காவல் போல இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.

உண்மையான சூறை எது?

இந்தப் பறவைகளுக்கு இப்போது இரண்டு கேடு. ஒன்று மருந்து, மற்றது மரம் போவது.

கீரையில் பூச்சி கண்டவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பழக்கமாகிவிட்டது. மருந்தடித்த புழு உடனே சாவதில்லை, நெளியும். நெளியும் புழுவைத்தான் பறவை முதலில் எடுக்கும். குருணை மருந்தையும் மண்ணில் கிடக்கும் தானியம் என்று எண்ணிக் கொத்தும். கார்போபியூரான் குருணையால் பறவைகள் கூட்டமாகச் செத்ததால்தான் அமெரிக்காவில் 1990-களில் அதன் உபயோகத்தைக் கைவிடச் செய்தார்கள். நம் நாட்டில் காய்கறிக்கு மானோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. 2023-ல் மத்திய அரசு அதன் 36 சதவீதக் கரைசலின் பதிவையும் நீக்கியது. கார்போபியூரானில் உறையிட்ட 3 சதவீதக் குருணை தவிர மற்றவற்றையும் தடை செய்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கடையில் எஞ்சியதை வாங்கிக் கீரைக்கு அடிப்பவர், மைனாவை மட்டும் கொல்லவில்லை. நாலாம் நாள் அந்தக் கீரையைக் கடைந்து குழந்தைக்குப் பிசைந்து கொடுக்கும் வீட்டுக்கும் சேர்த்தே அடிக்கிறார்.

பூச்சியைத் தின்னும் பறவை செத்த பிறகு, பூச்சி மட்டும் திரும்பி வருகிறது. முன்பு பத்து நாளுக்கு ஒரு தெளிப்பு என்றால் பிறகு ஐந்து நாளுக்கு ஒன்று. லாபம் மருந்துக் கடைக்கு. கடன் குத்தகைக்காரருக்கு.

அடுத்தது மரம். மைனா தானாகப் பொந்து குடையாது. மரங்கொத்தி குடைந்து விட்ட பொந்திலோ, குருத்துச் செத்து நிற்கும் மொட்டைப் பனையின் ஓட்டையிலோதான் கூடு வைக்கும். அதே மொட்டைப் பனையில் கிளி இருக்கும். எலி பிடிக்கும் புள்ளி ஆந்தை இருக்கும். பூச்சி பிடிக்கும் பனங்காடை இருக்கும். பனங்காடை என்ற பெயரே பனையால் வந்தது. செத்த பனை எதற்கு என்று வெட்டிச் சூளைக்கு விற்பவர், நாலு கூலியில்லா ஆட்களின் வீட்டை இடித்து விறகுக்குப் போடுகிறார். 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி பெற வேண்டும் என்று அறிவித்தார்கள். அதன் நோக்கம் உயிருள்ள பனையோடு நின்றுவிடக் கூடாது. கழனி ஓரத்து மொட்டைப் பனையும் நிற்கட்டும்.

மரம் போனதால் மைனா என்ன செய்கிறது? ஏர்கண்டிஷன் பெட்டியின் சந்திலும், தொழிற்சாலைக் குழாயிலும், விளம்பரப் பலகையின் பின்னாலும் கூடு வைக்கிறது. பிறகு அங்கே குடியிருப்பவர்கள் தொல்லை என்கிறார்கள். சாயங்காலம் கடைத்தெரு அரச மரத்தில் கூடி இரைகிறது, எச்சமிடுகிறது என்று கிளையை வெட்டுகிறார்கள். வயலில் வைத்திருக்க வேண்டியதை வீட்டுக்கு விரட்டிவிட்டு, வீட்டிலிருந்தும் விரட்டினால் அது எங்கே போகும்?

செய்யத் தக்கவை

குடியானவர் செய்யக் கூடியது அதிகச் செலவில்லாதது. நெல் வயலில் ஹெக்டேருக்கு 40 முதல் 50 இடங்களில் பறவை தாங்கிக் குச்சிகள் நடும்படி வேளாண்மைத் துறையினர் சொல்லி வருகிறார்கள். ஆள் உயரக் கழியில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் போதும். கரிச்சான் பகலில் உட்காரும், மைனாவும் உட்காரும், இரவில் ஆந்தை உட்காரும். கதிர் முற்றும் சமயத்தில் மட்டும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் தின்னும் பறவைக்கும் அதே ஆசனம் ஆகிவிடும்.

சோளமோ கம்போ போட்டிருப்பவர்கள் பால் பிடித்தது முதல் மணி இறுகும் வரை உள்ள இரண்டு மூன்று வாரத்தில்தான் காவலைக் கடுமையாக்க வேண்டும். ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் சிவப்பாகப் பளபளக்கும் ரிப்பனைக் கதிருக்கு மேல் முறுக்கிக் கட்டினால் காற்றில் மின்னியும் இரைந்தும் கூட்டத்தைத் திருப்பிவிடும். பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் விதைப்பது இன்னும் நல்லது. முன்னால் முற்றும் ஒற்றை வயலும் பின்னால் முற்றும் ஒற்றை வயலும்தான் அதிகம் அடிபடும். விஷம் கலந்த தானியத்தை இறைப்பது மட்டும் கூடவே கூடாது. அது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். கோழியும் நாயும் குழந்தையும் நடமாடும் இடத்துக்கும் ஆபத்து.

மாநகராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டியதும் உண்டு. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஏரியை அழகுபடுத்தும்போது கரையைச் சுற்றிலும் சிமெண்டுப் பாதையும் விளக்கும் போட்டு, நாணலையும் புதரையும் ஒட்ட வழித்துவிட்டால், மாலையில் அடைய வரும் பறவைக்கு இடமில்லை. கரையின் ஒரு பக்கத்தையாவது இருட்டாகவும் புதராகவும் விட்டுவைக்கலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது பூங்காவுக்கு ஒதுக்கும் இடத்தில் ஏற்கெனவே நிற்கும் பனையையும் ஆலையும் காப்பாற்றச் சொல்லலாம். புதிதாக நட்ட கன்று பொந்து விடும் மரமாக முப்பது வருஷம் பிடிக்கும்.

மத்திய ஆசியாவிலிருந்து மலையும் பாலையும் கடந்து ஒரு பறவை செம்பரம்பாக்கம் வரை வருகிறது என்றால், இங்கே தனக்கு இரை உண்டு, அடைய இடம் உண்டு என்ற நம்பிக்கையில் வருகிறது. அது வராத ஆண்டில் மேற்குப் புறநகரின் கழனியும் இருக்காது. அந்த நிலை வரும் வரை தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதை விட, வரப்பில் நிற்கும் பனையை இந்த வருஷம் விற்காமல் வைப்பது மேல்.